நத்தை தின்ற நாற்றுக்குக் கணக்கு எழுது!

(வட்டார வேளாண்மை விரிவாக்க மையம் முன்பு நடைபெற்ற ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

தண்ணீருக்காக இந்த இடத்தில் நின்றிருக்கிறோம். கட்டுப்படியான விலைக்காக நின்றிருக்கிறோம். உரத்தட்டுப்பாட்டுக்காக நின்றிருக்கிறோம். இன்றைக்கு நத்தைக்காக வந்து நிற்கிறோம். நோட்டீஸ் கொடுக்கப் போனபோது டீக்கடையில் ஒருத்தர் சிரிச்சார். "நத்தைக்கு ஒரு ஆர்ப்பாட்டமா?"ன்னு கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்த விளக்கம்.

நம்ம உறுப்பினர் ஒருத்தர். ஒன்றரை ஏக்கர் நிலம். வீட்டம்மா நகையைக் கூட்டுறவு வங்கியில் வச்சுப் பப்பாளி நட்டார். ஐப்பசி மழை நல்லா பெஞ்சது. மூணாம் நாள் காலையில் போய்ப் பார்த்தா, வரிசை வரிசையா நாத்து இருந்த இடத்துல குச்சி மட்டும் நிக்குது. இலையும் இல்லை, குருத்தும் இல்லை. மண்ணு மேல வெள்ளிக் கம்பி இழுத்த மாதிரி பளபளன்னு கோடு. ஒரு வாரத்தில் பாதித் தோட்டம் போச்சு.

அவரைக் கூட்டிக்கிட்டு நிவாரணம் கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் கெட்டவர் இல்லை. பொறுமையாத்தான் கேட்டார். கேட்டுட்டுப் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "புயல்னு கட்டம் இருக்கு, வெள்ளம்னு இருக்கு, வறட்சின்னு இருக்கு. நத்தைன்னு இல்லையே அய்யா, எந்தக் கட்டத்துல எழுதறது?"ன்னு கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் கேட்டுத்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம்.

இது எங்கிருந்து வந்த நத்தை?

இது நம்ம குளத்து நத்தை இல்லை, வயல் நத்தையும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்த ராட்சத நத்தை. 1847ஆம் ஆண்டு பென்சன் என்பவர் மொரீஷியஸ் தீவிலிருந்து சில நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். அவை அங்கே ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. ஒரு துரையின் ஆசைக்கு வந்ததுதான் இன்றைக்கு நாடு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. 1900ஆம் ஆண்டு இலங்கைக்கும் இதே போலத்தான் போனது. பக்கத்துக் கேரளாவில் 1970களில் பாலக்காட்டுப் பக்கம் தலை காட்டியது. 2018 பெருவெள்ளத்திற்குப் பிறகு அங்கே புதுப்புது இடங்களில் கிளம்பியது. மரத்தடி ஏற்றி வரும் லாரி, நாற்றுப்பை மண், செங்கல், மணல், இவற்றோடு ஒட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகிறது.

ஆண், பெண் இரண்டும் ஒரே உடம்பில் இருக்கிற பிராணி இது. ஒரு தடவைக்கு 100 முதல் 400 முட்டை வரை மண்ணுக்குள் இடும். வருஷத்துக்குப் பல தடவை இடும். 5 வருஷம் வரை உயிரோடு இருக்கும். வெயில் காலத்தில் ஓட்டின் வாயை ஒரு சவ்வால் மூடிக்கிட்டு மாசக்கணக்கில் தூங்கும். நாம செத்துப் போச்சுன்னு நினைப்போம். முதல் மழைக்கு எழுந்து வரும். வாழை, பப்பாளி, அகத்தி, மல்பெரி, வெற்றிலைக் கொடி, காய்கறி நாற்று என்று 500க்கு மேற்பட்ட செடிகளைத் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேணும், அதுக்காக வீட்டுச் சுவரையே சுரண்டுகிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் தெரிஞ்சுக்கணும். நம்ம குளத்து நத்தைக்கு ஓடு உருண்டையா இருக்கும், வாயில் கெட்டியான மூடி இருக்கும், தொட்டதும் கதவு சாத்துற மாதிரி மூடிக்கும். ஆப்பிரிக்க நத்தைக்கு அந்த மூடி கிடையாது. ஓடு நீண்டு கூம்பு மாதிரி, பழுப்பு நிறக் கோடுகளோடு இருக்கும். வளர்ந்தால் ஒரு சாண் நீளம் வரைகூட வரும். நம்ம நத்தையை அடிக்கவேண்டாம், அது நம்ம வயலோட உயிர்.

இன்னொன்று முக்கியம். நம்ம ஜனங்க வயல் நத்தையைக் கறி வச்சுச் சாப்பிடுறது வழக்கம். இந்த ஆப்பிரிக்க நத்தையை யாரும் சாப்பிடக் கூடாது. வெறுங்கையால் தொடவும் கூடாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு இந்த நத்தைக்குள் வளருது. அது மனுஷன் உடம்புக்குள் போனால் மூளைக்காய்ச்சல் வரும். தென்னிந்தியாவிலேயே இந்தக் காய்ச்சல் வந்தவர்களை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிள்ளைகள் இதை வச்சு விளையாட விடாதீங்க. நத்தை நடமாடுற தோட்டத்துக் கீரையை நல்லா கழுவி, வேக வச்சுச் சாப்பிடுங்க.

பகலில் தோட்டத்தைச் சுற்றி வந்தால் நத்தை கண்ணில் படாது. மூடாக்கின் அடியில், வாழைச்சருகில், கல்குவியலில் ஒளிஞ்சிருக்கும். பொழுது சாஞ்ச பிறகு, அதுவும் மழை பெஞ்ச ராத்திரியில்தான் வெளியே வரும். விடியற்காலையில் போனால் கோழைத் தடம் மினுங்கும். தழைக்குப் பதிலாகத் தண்டின் பட்டையைச் சுரண்டியிருந்தாலும் இதுதான்.

கருவிகள் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

இப்போ எல்லாத்துக்கும் கைபேசியில் செயலி இருக்குன்னு சொல்றாங்க. நமது சங்கம் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. நல்லதை நல்லதுன்னு சொல்றோம். 2024 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறை என்ற ஒன்றைத் தொடங்கியது. வயலில் படம் எடுத்து அனுப்பினால் செயற்கை நுண்ணறிவு அடையாளம் சொல்லும், நிபுணர்கள் ஆலோசனை தருவார்கள் என்பது அதன் ஏற்பாடு. வரவேற்கிறோம். ஆனால் படம் எடுக்க நத்தை வெளியே வரணுமே! நாம கைபேசியோடு போற நேரத்தில் அது தூங்குது. அது வர்ற நேரத்தில் நாம தூங்குறோம்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 20, 25 வருஷத்துக்கு முன்பே ஓடில்லாத நத்தையைப் பிடிக்க ஒரு இயந்திரம் செய்து பார்த்தார்கள். ராத்திரியில் வயலில் போகும். சிவப்பு விளக்கு போட்டுக் கேமராவால் பார்க்கும். அந்த வெளிச்சத்தில் மண் இருட்டாகவும் நத்தை வெளிச்சமாகவும் தெரியும். நீட்டிய கையால் எடுத்துப் போட்டுக்கொள்ளும். புத்திசாலித்தனமான வேலை. ஆனால் அது சோதனையோடு நின்றது, வயலுக்கு வரவில்லை. தென் ஆஸ்திரேலியாவில் தானிய வயல்களில் கேமராவும் ஈரப்பதம் அளக்கும் கருவியும் வைத்து, நத்தை எந்த ஈரத்தில் கிளம்புகிறது என்று பார்த்தார்கள். கிளம்புகிற நேரத்தில், முட்டையிடும் முன்பே மருந்து வைத்தால்தான் பலன் என்று தெரிந்துகொண்டார்கள். இந்த இரண்டிலிருந்தும் நமக்குக் கிடைக்கிற பாடம் ஒன்றுதான். எங்கே இருக்கு, எப்போ வருதுன்னு கருவி சொல்லும். அதுக்கு மேல வேலை மனுஷன்கிட்டதான் இருக்கு.

ட்ரோன் பற்றியும் கேட்கிறார்கள். ட்ரோன் மேலே பறந்தால் தோட்டத்தில் எந்தப் பக்கம் மொட்டையாகிவிட்டது என்று காட்டும். அது நடந்து முடிஞ்ச நஷ்டம். சருகுக்கு அடியில் இருக்கிற நத்தையை அது காட்டாது.

நாம் செய்து பார்த்தது

போன மழைக்காலத்தில் நம்ம கிளைகள் இரண்டு ஊரில் ஒரு வேலை செய்தோம். 10 சென்டுக்கு ஒரு நனைஞ்ச கோணிச் சாக்கு. அதுக்கு அடியில் பப்பாளி இலை, முட்டைக்கோஸ் இலை. ராத்திரி மேய்ந்த நத்தை விடியறதுக்குள் அந்தக் குளிர்ச்சியில் போய் ஒதுங்கும். காலையில் சாக்கைத் தூக்கி எண்ணி நோட்டில் எழுதினோம். கைபேசியில் ஜி.பி.எஸ்ஸைப் போட்டு, இடத்தோடு படம் எடுத்து, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். பிளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளை அதையெல்லாம் வரைபடத்தில் புள்ளி வச்சுக் கொடுத்தது. செலவு, பழைய சாக்கு மட்டும்தான்.

பத்து நாளில் வரைபடம் பேசிச்சு, தோழர்களே! நத்தை ஊர் முழுக்கச் சமமா இல்லை. மூணு இடத்தில் குவிஞ்சு கிடந்தது. ஒன்று, ரோட்டோரப் புறம்போக்கில் அடுக்கி வச்சிருந்த மரத்தடி. இரண்டு, நாற்றுப்பண்ணைக் கழிவு மண் கொட்டுகிற வாய்க்கால் கரை. மூணு, வெளியூர்க்காரர் வாங்கிப் போட்டுவிட்டுப் போன பத்து ஏக்கர் தரிசு. இந்த மூணும் நம்ம நிலமே இல்லை! நாம ராத்திரியெல்லாம் கண்முழிச்சு நம்ம தோட்டத்தில் பொறுக்கினால், அடுத்த மழைக்கு அங்கேயிருந்து புதுப்படை வருது. ஓட்டைப் பானையில் தண்ணி ஊத்துற கதைதான்.

பொறுக்கினதையும் சொல்லிடறோம். எல்லா ஊரும் செய்யணும். ரப்பர் கையுறை போட்டுக்கணும், இல்லாட்டி கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கணும். ராத்திரி போறவங்க பூட்ஸ் போட்டுக்கிட்டு ஜோடியாப் போங்க, பாம்பு நடமாடுற நேரம். பொறுக்கினதைக் கெட்டியான உப்புத் தண்ணி வாளியில் போட்டுச் சாகடிச்சு, ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடணும். அந்த உப்புத் தண்ணியை வயலில் ஊத்தாதீங்க. வயலில் உப்பைத் தூவவும் வேண்டாம், நத்தையோடு மண்ணும் சாகும். மண்ணைக் கிளறும்போது மிளகு அளவில் மஞ்சள் கலந்த வெள்ளை முட்டைக் குவியல் கண்டால் அதையும் அள்ளி நசுக்குங்க. ஒரு குவியலை நசுக்கினால் நூறு நத்தையைக் கொன்ற மாதிரி.

மருந்துக் கடையும் நாமும்

கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கலவை சொல்லுகிறது. 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கொதிக்க வச்சு ஒரு லிட்டராக வற்ற வைக்கணும். 60 கிராம் மயில்துத்தத்தை இன்னொரு லிட்டர் தண்ணீரில் கரைக்கணும். இரண்டையும் கலந்து, சாக்கின் அடியில் கூடின நத்தைக் கூட்டத்தின் மேல் தெளிக்கணும். பயிர் மேல் அடிக்கக் கூடாது, இலை கருகும். கிணறு, மீன் குட்டைப் பக்கம் கூடாது, மயில்துத்தம் மீனைக் கொல்லும்.

கடையில் மெட்டால்டிஹைடு குருணை கொடுப்பார்கள். அதைத் தின்ற நத்தை கோழையைக் கக்கிக் காய்ந்து சாகும். மழை வந்தால் வேலை குறையும். நாயும் மாடும் தின்றாலும் ஆபத்து. பிரிட்டனில் 2022 மார்ச் 31 முதல் வெளியிடங்களில் அதைப் பயன்படுத்தவே தடை. அங்கே இரும்பு பாஸ்பேட் குருணைக்கு மாறிவிட்டார்கள். போடுகிறவர்கள் தவிட்டுப் பொறி போல மூடி வச்சு, ஆடு மாடு எட்டாத இடத்தில் போடுங்க. இன்னொரு எச்சரிக்கை. தவிடு, வெல்லத்தோடு மெத்தோமில் கலந்து வைக்கும் பழைய முறை ஒன்று உண்டு. 2023இல் மத்திய அரசு மெத்தோமிலைத் தடை செய்துவிட்டது. பழைய நோட்டீசை வச்சுக்கிட்டு யாரும் அதைத் தேடிப் போகவேண்டாம், யாராவது கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

நத்தையைத் தின்னும் நத்தையை விடலாமே என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. ஹவாய் தீவில் 1955இல் அதைத்தான் செய்தார்கள். வந்த நத்தை, ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்கவில்லை. அந்தத் தீவுக்கே சொந்தமான மர நத்தைகளைத் தின்று தீர்த்தது. ஒரு துரையின் ஆசையால் பட்டது போதும்.

இது ஒத்தை விவசாயி வேலை இல்லை

அமெரிக்காவின் புளோரிடாவில் 1966இல் ஒரு சிறுவன் மூணே மூணு நத்தையைக் கொண்டு வந்தான். ஏழு வருஷத்தில் 18,000 நத்தை ஆச்சு. ஒழிக்க 10 லட்சம் டாலருக்கு மேல் செலவானது. 2011இல் மறுபடியும் மியாமியில் வந்தது. அரசு என்ன செய்தது தெரியுமா? "அவனவன் தோட்டத்தை அவனவன் பார்த்துக்கோ"ன்னு சொல்லலை. தொலைபேசி எண் கொடுத்தது. தகவல் வந்த இடத்துக்கு ஆள் அனுப்பியது. வீடு வீடாகத் தேடியது. மோப்பம் பிடிக்க நாய்களைப் பழக்கியது. அந்தப் பகுதியிலிருந்து மண்ணும் செடியும் வெளியே போகக் கட்டுப்பாடு போட்டது. பத்து வருஷத்தில் 1,68,000க்கு மேல் நத்தைகளைப் பிடித்து, 2021இல் அங்கே ஒழிந்தது என்று அறிவித்தது. அடுத்த வருஷமே வேறு மாவட்டத்தில் தலை காட்டியதும் மறுபடி இறங்கியது. செலவு முழுவதும் அரசுப் பணம்.

அமெரிக்காவுக்குப் போவானேன்? 1919இலேயே நம்ம சென்னை மாகாணத்தில் விவசாயப் பூச்சி, நோய்ச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஒரு வட்டாரத்தில் ஒரு பூச்சியை அரசு அறிவித்தால், அங்கே நிலம் வைத்திருக்கிற எல்லோரும் சேர்ந்து அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பக்கத்து நிலத்தை விட்டுவிட்டு ஒருத்தன் நிலத்தை மட்டும் காப்பாற்ற முடியாது என்பது வெள்ளைக்காரனுக்கே நூறு வருஷத்துக்கு முன்னால் புரிந்திருக்கிறது. இன்றைக்கு நம்ம கையில் ஒரு செயலியைக் கொடுத்து, "படம் எடுத்து அனுப்பு"ன்னு சொன்னால் கடமை முடிஞ்சதா? தரிசுக்குள் நாம் போனால் அத்துமீறல். புறம்போக்கு மரத்தடியை நாம் தொட்டால் வழக்கு. யார் போகணும்? அதிகாரம் உள்ளவர்கள் போகணும்.

காப்பீடு இருக்கே என்பார்கள். பயிர்க் காப்பீட்டில் பூச்சி, நோய் இழப்பைத் தனித்தனி வயலாகப் பார்ப்பதில்லை. அறிவிக்கப்பட்ட பயிராக இருந்து, காப்பீட்டு அலகு முழுவதும் சராசரி மகசூல் உத்தரவாத அளவுக்குக் கீழே போனால்தான் பணம். நத்தை அலகு பார்த்தா மேயுது? ஒரு தோட்டத்தை மொட்டையாக்கும், பக்கத்துத் தோட்டத்தை விட்டுவிடும். சராசரியில் நம்ம நஷ்டம் கரைஞ்சு காணாமல் போகும். அடகு வச்ச நகை மட்டும் சராசரியில் கரையாது!

நமது கோரிக்கைகள்

1. ஆப்பிரிக்க நத்தையை இந்த வட்டாரத்தில் கட்டுப்படுத்த வேண்டிய பயிர் எதிரியாக முறைப்படி அறிவிக்க வேண்டும். தரிசு, புறம்போக்கு, வாய்க்கால் கரை ஆகியவற்றில் அரசே ஒழிப்பு வேலையை நடத்த வேண்டும்.

2. மழை தொடங்கும் முதல் இரண்டு வாரம், எல்லா ஊரிலும் ஒரே நாட்களில் நத்தை சேகரிப்பு நடத்த வேண்டும். ஊரக வேலைத் திட்டத்திலோ வேளாண் துறை நிதியிலோ அதற்குக் கூலி, கையுறை, சுண்ணாம்பு வழங்க வேண்டும்.

3. படம் அனுப்பினால் இரண்டு நாளுக்குள் வேளாண் அலுவலர் வயலுக்கு வரவேண்டும். விவசாயிகள் அனுப்பும் படங்களைக் கொண்டு ஊர்வாரி நத்தை வரைபடம் தயாரித்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். கைபேசி இல்லாதவர் வாய்மொழியாகச் சொன்னாலும் பதிவு செய்ய வேண்டும்.

4. நாற்றுப்பண்ணை மண்ணும் மரத்தடி லாரிகளும் சோதிக்கப்பட வேண்டும்.

5. ஆபத்துக் குறைந்த மருந்துகளை நம்ம மண்ணில் சோதித்து, கூட்டுறவுச் சங்கம் வழியாக மானியத்தில் தரவேண்டும்.

6. நத்தையால் அழிந்த நாற்றுக்குத் தனி வயல் அளவில் கணக்கெடுத்து இழப்பீடு தரவேண்டும். அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் போட வேண்டும்!

இந்தக் கோரிக்கை மனுவை இப்போது அதிகாரியிடம் கொடுக்கப் போகிறோம். கூடவே நம்ம இரண்டு ஊர் நோட்டையும், அந்தப் பிள்ளை போட்ட வரைபடத்தையும் கொடுக்கப் போகிறோம். ஆதாரம் இல்லைன்னு இனி யாரும் சொல்ல முடியாது. நாம கேட்கிறது பிச்சை இல்லை, கணக்கு.

ஊருக்குப் போனதும் சும்மா இருக்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரியே சாக்கை நனைச்சு வையுங்க. நாளைக் காலையில் எண்ணி எழுதுங்க. சந்தேகம் வந்தால் 1800-180-1551 என்ற விவசாயிகள் அழைப்பு மையத்துக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். தமிழிலேயே பதில் சொல்வார்கள். அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு ஒவ்வொரு ஊரும் ஒரு நோட்டோடு வரணும். பதில் வரவில்லை என்றால், எல்லா நோட்டையும் தூக்கிக்கொண்டு மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போவோம்.

தனித்தனியே பொறுக்கினால் நத்தை ஜெயிக்கும்! ஊர் சேர்ந்து பொறுக்கினால் நாம் ஜெயிப்போம்!

நத்தை தின்ற நாற்றுக்குக் கணக்கு எழுது!
தரிசுக்குள் இருக்கும் நத்தைக்கு அரசே பொறுப்பேற்பாய்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!